மேசையில் இல்லாத கறுப்புப் பொத்தான்

திருடியாக ஆடுகிறவளுக்கு நல்ல நாற்காலி வேண்டும். பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் வேலை.

பத்தாங் பெர்ஜுந்தாயில், தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள சின்ன மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நாங்கள் நான்கு பேர் கூடுவோம். கோட்டை, அரக்கன், மந்திரவாதி என்று ஒரு கற்பனைக் கதை; சண்டை வந்தால் இருபது முகப் பகடை. கதையை நடத்துவது அபிகெயில். அரக்கர்கள் எல்லாம் அவள் கையில். விமலன் மந்திரவாதி. டெரல் கவசம் போட்ட வீரன். மேசையில் அவன் ஒரு சோடா மூடி. நான் திருடி, ஒரு கறுப்புச் சட்டைப் பொத்தான். எனக்குப் பூசை கிடையாது. ஆட்டத்துக்கு மட்டும் எங்கள் எண்ணெய்ப்பனைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வருவேன்.

மறைந்து தாக்குவதற்கு விதிகள் உண்டு. எதிரியின் கண்ணில் படக்கூடாது. எதிரி வேறொருவரோடு மோதிக்கொண்டிருக்க வேண்டும். அப்போது பின்னாலிருந்து அடித்தால் ஒன்றுக்கு நான்கு பகடை உருட்டலாம். அடித்த கணமே நீங்கள் நிற்கும் இடம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். எங்கள் மேசையில் கூடுதலாக ஒரு வழக்கமும் இருந்தது. திருடி மறைந்துவிட்டால் பொத்தானை மேசையிலிருந்து எடுத்துவிட வேண்டும். என்ன செய்யப்போகிறாள் என்பதைத் துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, அபிகெயிலின் கண்ணாடி டம்ளருக்கு அடியில் வைக்க வேண்டும். அடி விழும்வரை அதைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது. அதனால் டெரல் ஒவ்வொரு முறையும் நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியாமலே முன்னால் போய் நிற்பான்.

“தனேஸ் இருக்கா லா, பயமில்ல,” என்பான்.

“இருக்கான்னு யாரு சொன்னா? இந்நேரம் பஸ் ஏறியிருப்பா,” என்பான் விமலன்.

“அவ ஓடினா நான் செத்தேன். அவ்ளோதான?”

எங்கள் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். பட்டத்தோடு வந்த அன்று கோயிலில் மாலை போட்டார்கள். அதன் பிறகு இரண்டு வருஷம் ஒரு கைப்பேசிக் கடையில் திரைக்குக் கண்ணாடித் தாள் ஒட்டிக்கொண்டிருந்தேன். மாலை போட்டவர்களே போனை நீட்டி, “இன்னும் ஒண்ணும் கெடைக்கலையாம்மா?” என்று கேட்பார்கள். கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெளிவாக இல்லை. இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. நடந்த வரிசைப்படி சொல்கிறேன்.

டெரலின் அப்பா பெர்னாட் அங்கிள் எங்கள் தோட்டத்தில் முப்பது வருஷம் களைக்கு மருந்து அடித்தவர். முதுகில் மாட்டும் பம்பு ஒழுகுகிறது என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் பல முறை சொன்னார். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி கேட்டார். இரண்டும் நடக்கவில்லை. ஒரு நாள் குழாய் பிய்த்துக்கொண்டு மருந்து முகத்தில் அடித்தது. ஒரு கண் போயிற்று. மற்றதில் நிழல் மட்டும் தெரிந்தது. வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டில் மட்டும் வாய்வார்த்தையாக இருக்க விட்டார்கள். அந்த வீட்டில் அவருக்குக் கண் தேவைப்படவில்லை. கட்டிலிலிருந்து குளியலறைக்குப் பதினொரு காலடி. சுவரைத் தொடாமல் நடப்பார்.

தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கப் போவதாக டெரல் எங்களிடம் சொன்னது அந்த மேசையில்தான். அரக்கனைச் சுற்றி வளைக்கத் திட்டம் போடுவது போலவே சொன்னான். போகும் நாள் செவ்வாய்க்கிழமை. சாட்சி, கூட மருந்தடித்த நல்லசாமி. புகாரை மலாய் மொழியில் நான் எழுதிக்கொடுத்தேன். நன்றாகவே எழுதினேன்.

“ஒன் பேரு எங்கயும் வர வேணாம்,” என்றான். “வேல தேடுற பொண்ணு. நான் முன்னுக்கு நிக்கிறேன். நீ பின்னாடியே இரு.”

அந்த வாரம் தோட்ட ஆபீசில் கடிதமும் கணக்கும் எழுதும் கிராணி வேலை காலியானது. மனுவோடு போனேன். மேனேஜர் மரியாதையாகப் பேசினார். யாரோ தோட்டத்தில் பிரச்சினை கிளப்புகிறார்களாமே, உனக்கு ஏதாவது தெரியுமா என்றார். தெரியாது என்றேன். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். இரண்டு பஸ் போயின. பிறகு ஒரு துண்டுச் சீட்டு எடுத்தேன். கிழமை, டெரலின் பெயர், நல்லசாமியின் பெயர். மூன்று வரி. மடித்து, திரும்பிப் போய், அவருடைய தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கை பழகிய வேலை.

திங்கட்கிழமை நல்லசாமியைச் சுங்கை பெசார் பக்கம் வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள். தான் எதையும் பார்க்கவில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அதே நாள் நான் வேலையில் சேர்ந்தேன். நான் தட்டச்சு செய்த முதல் கடிதம், பெர்னாட் அங்கிள் இரண்டு வாரத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது. ஒரு பிழைகூட இல்லை. செவ்வாய்க்கிழமை டெரல் தனியாகப் போனான். சாட்சி இல்லாமல் புகார் நிற்கவில்லை.

அவர்களுக்குக் கிடைத்தது கடைவீதியில் ஒரு மாடி அறை. பதினேழு படிகள், அடக்கத்துக்குப் போனபோது எண்ணினேன். குடிபோன ஆறாவது நாள் காலை பெர்னாட் அங்கிள் பல் தேய்க்க எழுந்திருக்கிறார். கதவு திறந்திருந்தது. பழக்கத்தில் பதினொரு காலடி வைத்திருக்கிறார்.

நான் யாரையும் தள்ளவில்லை. காலி செய்யச் சொன்னது மேனேஜர். மாடி அறை பார்த்தது டெரல். நான் கிராணியான பிறகு மருந்தடிப்பவர்களுக்குக் காப்புக் கண்ணாடி கேட்டுப் படிவம் நிரப்பினேன், வந்தது. உள்ளே நம் ஆள் ஒருத்தி இல்லாமல் அது வந்திருக்காது. இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

விதிகளில் ஒன்று மட்டும் நடக்கவில்லை. அடித்த பிறகும் என்னை யாரும் பார்க்கவில்லை. எட்டு மாதம் ஆகிறது. மறைந்தே இருப்பது இவ்வளவு அலுப்பான வேலை என்று விதிப் புத்தகத்தில் போடவில்லை.

போன ஞாயிறு, ஆட்டம் தொடங்குமுன் டெரல் என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“தனேஸ், நீ ஆபீஸ் உள்ளுக்குத்தான இருக்க. நான் புகார் குடுக்கப் போறத எவன் சொன்னான்னு மெதுவா பாரு லா. ஒன்ன மாதிரி சத்தமில்லாம செய்ய யாரால முடியும்?”

“பாக்குறேன்,” என்றேன்.

பிறகு ஆடினோம். கோட்டை வாசலில் பெரிய அரக்கன். சோடா மூடி வழக்கம்போல முன்னால் நகர்ந்தது. நான் பொத்தானை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, ‘எதிரிக்குப் பின்னால் நிற்கிறேன்’ என்று சீட்டு எழுதினேன். இரண்டு வருஷமாக அதையேதான் எழுதுகிறேன். அன்றைக்குத்தான் மேசையை ஒழுங்காகப் பார்த்தேன். அரக்கன் எங்களைப் பார்த்துத்தான் நின்றான். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது டெரல் ஒருவன்தான்.

நான்கு பகடையும் நன்றாக விழுந்தன. டெரல் கை தட்டினான்.

இந்த ஞாயிறு அவனிடம் நல்லசாமி என்று சொல்லப்போகிறேன். ஒரு பெயர் தெரிந்தால் அவன் மனம் ஆறிவிடும். என்னை நம்பிக் கேட்டவனுக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் நான் என்ன கூட்டாளி?