அரைச் சுற்று

புது டிக் வெல்டிங் டார்ச் வாங்கினால் முதல் ஒரு வாரம் யாருக்கும் வேலை ஒழுங்காக வராது, மேடம். புது மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்கு வந்த கதைதான், எதிலாவது ஒரு குறை இருந்துகொண்டே இருக்கும். நுனியில் இருக்கும் டங்ஸ்டன் ஊசி உருகும். ஒட்டு கறுத்துப் போகும். சில நேரம் ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாக வரும். பதறாமல் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனால் காரணம் கிடைத்துவிடும். இருபத்தாறு வருடம் இந்த வேலை செய்தவன் என்பதால் சொல்கிறேன்.

என் பெயர் சுப்பன். சிம்பாங் அம்பாட்டில் சேகரன் முதலாளியின் பட்டறையில் மூத்த வெல்டர். என்னோடு வேலை பார்த்த காந்தன் இறந்த அன்று நான் கொடுத்த வாக்குமூலம் உங்களிடம் இருக்கிறது. அதில் பல விஷயங்கள் விட்டுப்போயிருக்கின்றன, சில பொய்களும் உண்டு. தமிழிலேயே எழுதித் தரலாம் என்று நீங்கள் சொன்னதால் இங்கே எழுதுகிறேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. நீங்கள் குடிக்க தே தாரிக் டீகூட வாங்கிக் கொடுத்தீர்கள்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. புது மெஷின் எது வந்தாலும் ஆயுத பூஜை அன்று சாமி படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் பூசி, மூத்த வெல்டர் முதல் ஒட்டுப் போட வேண்டும். அந்தத் தகட்டை வருடம் முழுக்கச் சாமி படத்தின் கீழ் வைத்திருப்போம். போன ஆயுத பூஜைக்கு வந்தது இந்த டிக் செட். அதை மாட்டித் தயார் செய்தது நான்தான்.

மெஷினில் பிளஸ், மைனஸ் என்று இரண்டு துளைகள் இருக்கும். சாதாரண ஆர்க் வெல்டிங்கில் கைப்பிடி ஒயரை பிளஸில் மாட்டுவோம். டிக்கில் டார்ச் மைனஸில் போக வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. இருபத்தாறு வருடக் கை, மூளையைக் கேட்காமல் பிளஸில் மாட்டிவிட்டது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனை தனியாகச் சறுக்கினால் பரவாயில்லை. எனக்கு முதலாளி குடும்பம், வேலைக்காரர்களின் மனைவி பிள்ளைகள், பக்கத்துக் கடைக்காரர்கள் என்று அத்தனை பேர் முன்னால் சறுக்கியது.

ஊசி முனை மெழுகு மாதிரி உருகிச் சொட்டியது. ஊசியை மாற்றினேன், மறுபடியும் உருகியது. மூன்றாவது தடவை தகட்டில் ஒட்டே விழவில்லை, கறுப்பாக ஒரு கறைதான் விழுந்தது. யாரோ ஒரு பிள்ளை சிரித்தது. என் மனைவி பவானேஸ்வரி தன் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது காந்தன் வந்தான். இருபத்தொன்பது வயது. சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு எங்களிடம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. விழுந்த பூவை எடுப்பது போல மெஷின் பக்கம் குனிந்தான். இரண்டு ஒயர்களையும் மாற்றி மாட்டிவிட்டு நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"சாரிண்ணே, கேஸ் திறக்க மறந்துட்டேன். என் தப்பு. இப்ப போடுங்க."

போட்டேன். ஒட்டு அழகாக விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். முதலாளி அவனைப் பார்த்து, "டேய், சாமி காரியத்துல கவனமா இருக்க மாட்டியா?" என்று கடிந்துகொண்டார். அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

என்னைக் காப்பாற்றியவனை நான் வெறுத்தேன். இதை எழுதவே எனக்குக் கூசுகிறது. அவன் என்னைக் கேலி செய்திருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பேன். ஆனால் அவன் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு தனியாக வந்து, "பழக்க தோஷம்ண்ணே, எனக்கும் நடந்திருக்கு," என்றான். அது பொய் என்று எனக்குத் தெரியும். அவனுக்கு அப்படி நடந்திருக்காது. அன்று முதல் அவன் "சுப்பண்ணே" என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்கு அந்த உருகிய ஊசிதான் ஞாபகம் வந்தது.

முன்பெல்லாம் ஜாசினிலிருந்துகூட ஆள் வருவார்கள், மெஷின் சரியில்லை, சுப்பனைக் கூப்பிடு என்று. தைப்பொங்கலுக்குள் அது "காந்தன கேளு லா" என்று மாறிவிட்டது. நானே என் காதால் கேட்டேன். யாரையும் குறை சொல்லவில்லை, அவன் நன்றாகத்தான் பார்ப்பான்.

முதல் தடவை நான் செய்தது சின்ன விஷயம். டார்ச்சுக்குப் போகும் ஆர்கன் வாயு ஹோஸ் ஒன்றோடு ஒன்று சேரும் இடத்தில் ஒரு நட்டு இருக்கும். அதை அரைச் சுற்று தளர்த்தினேன். ஆர்கன் கசிந்தால் ஒட்டைக் காற்றிலிருந்து காக்க வாயு போதாது, ஆப்பமாக வரும். அன்று அவன் ஊசியைப் பார்த்தான், டார்ச்சின் மூக்கைப் பார்த்தான், ஆர்கன் தோங்கின், அதாவது சிலிண்டரின், மீட்டரைப் பார்த்தான், வாசல் பக்கம் காற்றடிக்கிறதா என்று கதவைச் சாத்திப் பார்த்தான். கடைசியில் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து ஒவ்வொரு இணைப்பிலும் விட்டான். என் நட்டில் குமிழி கிளம்பியது.

"நான்தான் சரியா டைட் பண்ணல போலண்ணே," என்றான்.

இன்னும் இரண்டு தடவை செய்தேன். இரண்டு தடவையும் கண்டுபிடித்தான், இரண்டு தடவையும் பழியைத் தன் மேலேயே போட்டுக்கொண்டான். ஒரு தடவையாவது என் முகத்தைப் பார்த்து, "நீங்கதானேண்ணே?" என்று கேட்டிருந்தால் நான் நிறுத்தியிருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பொங்கல் முடிந்த வாரம் புலாவ் செபாங் பக்கம் ஒரு தேங்காய் எண்ணெய் ஆலையில் வேலை. ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் ஸ்டெயின்லெஸ் தொட்டி. அதன் அடித்தட்டில் விரிசல். மேல் வாயில் வழியாக ஏணி வைத்து இறங்கி, உள்ளே உட்கார்ந்து டிக்கில் ஒட்ட வேண்டும். ஒருவர் உள்ளே, ஒருவர் மேல் மேடையில் காவல். ஆர்கன் காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும். அதனால் உள்ளே நல்ல காற்று ஊத ஒரு ப்ளோவர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதன் சுவிட்ச் என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. மெஷினும் தோங்கும் அதே மேடையில்தான்.

இறங்குவதற்கு முன் காந்தன் சோப்புத் தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்தான்.

"ஹோஸ் எல்லாம் நீங்களே டைட் பண்ணி செக் பண்ணிருங்கண்ணே. நீங்க பார்த்துட்டா எனக்கு நிம்மதி."

அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். தெரிந்தும் அந்தப் பொறுப்பை என்னிடமே கொடுத்தால் நான் திருந்திவிடுவேன் என்று நம்பியிருக்கிறான். அன்று அது எனக்கு அதிகாரமாகப் பட்டது. எனக்கு வேலை சொல்கிறான், நேற்றுப் பிறந்தவன்.

நட்டை அரைச் சுற்று தளர்த்தினேன். டார்ச்சோடு அந்த இணைப்பும் தொட்டிக்குள் இறங்கியது.

ஆலையின் மேற்பார்வையாளர் உஸ்மான் பாய் சாப்பாட்டுக்குப் பிறகு ஒட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர் டார்ச் லைட் அடித்து அங்குலம் அங்குலமாகப் பார்க்கிற ஆள். அவர் கண்ணில் அந்த ஆப்பம் பட வேண்டும், அவ்வளவுதான் நான் நினைத்தது. சிங்கப்பூர்க்காரன் வேலை இதுதானா என்று அவர் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அதை நான் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும்.

பத்து நிமிடத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அண்ணே, ஓட்டையா வருதுண்ணே. ப்ளோவர் காத்து கேஸைக் கலைக்குதோ என்னமோ. அஞ்சு நிமிஷம் மட்டும் ஆஃப் பண்ணுங்க, பார்ப்போம்."

ஆஃப் செய்தேன். என் பழைய வாக்குமூலத்தில், ப்ளோவரை நிறுத்தச் சொன்னது காந்தன்தான் என்று இருக்கும். அது உண்மை. அஞ்சு நிமிஷம் மட்டும் என்று அவன் சொன்னதை நான் சொல்லவில்லை.

ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் கூப்பிட்டான். "இன்னும் வருதுண்ணே. அப்ப காத்து இல்ல. ப்ளோவர போட்டுருங்க. கேஸ மட்டும் கொஞ்சம் ஏத்துங்க, இருபது வைங்க."

வாயுவை இருபதுக்கு ஏற்றினேன். ப்ளோவரைப் போடவில்லை.

"போட்டாச்சாண்ணே?"

"போட்டாச்சு," என்றேன்.

ஆலை இரைச்சலில் ப்ளோவர் ஓடுகிறதா இல்லையா என்று உள்ளே இருப்பவனுக்குத் தெரியாது. ஏன் போடவில்லை என்று நீங்கள் மூன்று தடவை கேட்டீர்கள், மறந்துவிட்டேன் என்று மூன்று தடவையும் சொன்னேன். மறக்கவில்லை. நல்ல காற்று இருந்தால் அவன் தெளிவாக யோசிப்பான். காற்றால் இல்லை என்பது வரைக்கும் வந்துவிட்டான். அடுத்தது ஹோஸ்தான். யோசித்தால் நட்டைக் கண்டுபிடித்துவிடுவான், நாலாவது முறையாக. உஸ்மான் பாய் வர இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது.

வாயுவை ஏற்றியதால் ஒட்டு கொஞ்சம் சரியாகியிருக்க வேண்டும், அவன் வேலையைத் தொடர்ந்தான். ஏறிய வாயுவில் பாதி, தளர்ந்த நட்டு வழியாகத் தொட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. அவன் அடித்தட்டில் உட்கார்ந்திருந்தான்.

ஆர்கன் ஆளைக் கொல்லும் என்று எனக்குத் தெரியாது என்றும் சொல்லியிருக்கிறேன். அது முழுப் பொய். பட்டறையில் காந்தனே எங்களுக்குக் காட்டியிருக்கிறான். ஒரு வாளிக்குள் ஆர்கனை விட்டு, எரிகிற மெழுகுவர்த்தியை மெல்ல இறக்கச் சொன்னான். ஊதாமலே அணைந்தது. "வாசம் வராது, மூச்சு முட்டாது, தூங்குற மாதிரி போயிரும்ணே, ஜாக்கிரதை," என்றான். வாளிக்கு மிக அருகில் நின்றவன் நான். மெழுகுவர்த்தியைப் பிடித்திருந்ததும் நான்தான், மேடம்.

வெல்டிங் நடக்கும்போது தொட்டி வாயில் நீல வெளிச்சம் அடித்துக்கொண்டிருக்கும். அது நின்றது. ஊசியைத் தீட்டுகிறான் என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன் என்பதுதான் சரி. கொஞ்ச நேரம் பார்த்தேன். "காந்தா," என்றேன். இன்னொரு முறை கூப்பிட்டேன், சத்தமில்லாமல்.

பிறகு என் சத்தம் கேட்டு உஸ்மான் பாயும் ஆட்களும் ஓடிவந்தது, ப்ளோவரை உள்ளே திருப்பிவிட்டு, கயிறு கட்டி அவனைத் தூக்கியது, உஸ்மான் பாய் தரையில் மண்டியிட்டு அவன் மார்பை அமுக்கிக்கொண்டே அழுதது எல்லாம் உங்கள் பேப்பரில் இருக்கிறது. தொழிலாளியே காற்றை நிறுத்தச் சொன்னதால் நேர்ந்த விபத்து என்று முடிவாகிவிட்டது என்றும் கேள்விப்பட்டேன்.

அதனால்தான் போன வாரம் அவன் மனைவி அகல்யா என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பையில் வாழைப்பழமும் பிஸ்கட்டும். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினாள்.

"அவரு அவசரப்பட்டுட்டாருண்ணே. காத்த நிறுத்தச் சொல்லிருக்காரு. அவரு தப்பால நீங்க ஸ்டேஷனுக்கும் ஆபிசுக்கும் அலையிறீங்க. அவருக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேண்ணே."

பவானேஸ்வரி அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். நான் வாழைப்பழத்தை வாங்கி மேசையில் வைத்தேன். அன்று பூஜையில் அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றானே, அதே இடத்தில் இப்போது அவளும் வந்து நின்றுவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்றது. அவன் அப்படிப்பட்ட தவறு செய்கிற வெல்டர் அல்ல. உங்கள் பேப்பரில் அவன் பெயர் அப்படி இருக்கக் கூடாது. அதற்காகத்தான் வந்தேன் என்று வாசலில் உங்களிடம் சொன்னேன், நினைவிருக்கும்.

வெளிச்சம் நின்றவுடன் கத்தினேன் என்று சொல்லியிருக்கிறேன். அதையும் திருத்திக்கொள்ளுங்கள். முதலில் ஹோஸைப் பிடித்து மேலே இழுத்தேன். இணைப்பு கைக்கு வந்ததும் ஸ்பானர் எடுத்து நட்டை இறுக்கினேன். சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், ஒரு குமிழி இல்லை. துணியால் துடைத்துவிட்டு ஹோஸை உள்ளே இறக்கினேன். ப்ளோவரைப் போட்டேன். அதற்குப் பிறகுதான் கத்தினேன். எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம் இருக்கும். அவன் அதற்கு முன்பே போய்விட்டான், மூன்று நிமிடத்தில் என்ன ஆகியிருக்கும் என்றுதான் இத்தனை நாள் சாப்பிட்டேன், தூங்கினேன்.

ஆனால் ஹோஸ் முதல் இழுப்புக்கு வரவில்லை, மேடம். அந்தப் பக்கம் காந்தன் அதைப் பிடித்திருந்தான். நான் இன்னும் பலமாக இழுத்தேன்.