ரத்தத்தில் சும்மா இருப்பது

"காய்ச்சல் இல்லேங்கிறதுதான் மாமா எனக்குப் பயமா இருக்கு."

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பிய ஸ்ரீரங்கம் பஸ்ஸில் என் முன்சீட்டுப் பெண் இப்படிச் சொன்னாள். அவள் மலேரியா கிருமியை ஆராய்கிறவள் என்று பேச்சிலேயே தெரிந்தது. பக்கத்தில் அவளுடைய அக்கா கணவர். ஒடிசாவில் வேலை பார்ப்பவர், தனக்குப் பிறந்த குழந்தையை முதல்முறையாகப் பார்க்கப் போகிறார்.

"மலேரியான்னதும் அங்கேயே மருந்து சாப்பிட்டேனேம்மா."

"கடைசி மாத்திரை?"

"உடம்பு நல்லாயிடுச்சேன்னு விட்டுட்டேன்."

"காய்ச்சல் குடுக்கிற கிருமி செத்திருக்கும். ஆனா ஒவ்வொரு கிருமிக்குள்ளயும் ஒரு ஜீன் தூங்கிட்டே கிடக்கும். சிலதுல மட்டும் அது முழிச்சிக்கும். அப்புறம் அந்தக் கிருமி பெருகாது, உங்களை ஒண்ணும் பண்ணாது. ஆணும் பெண்ணுமா மாறி ரத்தத்துல சும்மா சுத்திட்டு இருக்கும். அதைக் கொல்றது அந்தக் கடைசி மாத்திரைதான்."

"சும்மா எதுக்கு?"

"கொசுவுக்காக. உங்களைக் கடிச்ச கொசு கொஞ்ச நாள் கழிச்சு பாப்பாவைக் கடிச்சா..."

அவர் மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இப்பவும் உள்ள இருக்குமா?"

"இருக்கலாம். ரத்தம் எடுத்துப் பார்த்தாதான் தெரியும்."

பாலம் தாண்டி மாம்பழச்சாலையில் பஸ் நின்றதும் அவர் எழுந்தார்.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரேன். அக்காகிட்ட ஒண்ணும் சொல்லாதம்மா."

பையிலிருந்து குட்டிச் சட்டை ஒன்றை எடுத்து நீட்டியவர், பாதியில் கையை நிறுத்தினார்.

"நான் தொட்டது. ஒட்டிக்காதுல்ல?"

"ஒட்டாது மாமா. குடுங்க."