டாக்டர் ஷரீபா எதனால் இறந்தார்?

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, இந்தக் கூட்டத்தைக் கூட்டிய நலச்சங்கத் தலைவர் கண்ணாயிரம் அவர்களே, அழுது வீங்கிய கண்ணோடு வந்திருப்பவர்களே, அழுகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொள்ள வந்திருப்பவர்களே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் ஞானசேகரன். ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர். கடலூர் மாவட்டத்தில் நோய் பரவும்போதெல்லாம் கூடவே பரவும் புளுகுகளைத் தேடிப் பிடிக்க ஒரு குழு வைத்திருந்தாரே டாக்டர் ஷரீபா அம்மையார், அந்தக் குழுவில் அவரோடு அலைந்தவன்.

வாசலில் பேனரைப் பார்த்தீர்களா? டாக்டர் படம் தபால்தலை அளவு. கண்ணீர் அஞ்சலி செலுத்துகிறவர்கள் படம் ஆளுயரம்! இறந்தது யார் என்று வழியில் போகிறவன் குழம்பிப் போவான்.

அவர் எதனால் இறந்தார்? பல வருஷமாக இருந்த இதயக் கோளாறால் இறந்தார். வைத்தியம் பார்த்தவர்களும் சொன்னார்கள், குடும்பமும் சொன்னது. நம் வாட்ஸ்அப் வித்வான்கள் என்ன சொன்னார்கள்? "ஊசி போட்ட டாக்டரே ஊசியால் செத்தார்" என்றார்கள்! ஜனாஸா ஊர்வலம் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்னே அந்தச் செய்தி வடலூரைத் தாண்டிவிட்டது. தொண்டை அடைப்பான் பரவுகிற நேரம் இது. இன்று காலை தடுப்பூசி முகாமுக்குப் பிள்ளைகளைத் தூக்கிவந்த தாய்மார்கள் வாசலோடு திரும்பிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு மூச்சடைத்தால் யார் பதில் சொல்வது? பேனரில் சிரிக்கிறவர்களா?

டாக்டர் ஷரீபா புளுகோடு வாதாட மாட்டார். "ஒங்களுக்கு யாரு அனுப்புனாங்க?" என்று மட்டும் கேட்பார். கைகாட்டிய வீட்டுக்குப் போவார். அங்கேயும் அதே கேள்விதான். தடுப்பூசி போட்டால் பிள்ளைக்கு வளர்ச்சி நின்றுவிடும் என்று ஒருமுறை ஒரு வாய்ஸ் மெசேஜ் சுற்றியது. லால்பேட்டையில் துணிக்கடை ஜமாலுதீன் பாயிடம் தொடங்கினோம். வீடு வீடாகப் போய், கடைசியில் அண்ணாமலை நகரில், அலமாரி நிறையப் புத்தகம் அடுக்கி வைத்திருந்த ஒரு பெரிய மனிதரிடம் போய் நின்றோம்.

"எனக்குத் தோணுச்சி, பேசி அனுப்புனேன். நாலு பேருக்கு நல்லதுன்னுதான்" என்றார்.

தோன்றியதாம்! தன் பேரனுக்கு மட்டும் எல்லா ஊசியும் ஒழுங்காகப் போட்டிருந்தார் அந்த மகானுபாவர். ஊர்ப் பிள்ளைகள் விஷயத்தில்தான் அவருக்குத் தோன்றியிருக்கிறது.

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "நான் சொன்னா நம்ப மாட்டாங்க சார். நீங்க சொன்னத நீங்கதான் மாத்திச் சொல்லணும்" என்று போனை நீட்டினார். அந்தப் பெரிய மனிதர் மாற்றிச் சொல்லும்வரை டாக்டர் நாற்காலியை விட்டு எழவில்லை. அந்தக் குரல் வந்த வழியே ஊர் ஊராகத் திரும்பிப் போனது. ஜமாலுதீன் பாயே பேத்தியைத் தூக்கிக்கொண்டு முகாமுக்கு வந்தார்.

"நம்மள முட்டாளாக்கிட்டானுவளே டாக்டரம்மா!"

"அவுங்க ஆக்கல, நீங்கதான் ஆனீங்க மாமா" என்று சிரித்தபடியே பேத்திக்கு ஊசி போட்டார்.

அவர் இல்லை என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அவர் சாவையே புளுகாக்கியவர்களை அதைவிடத் தாங்க முடியவில்லை.

அவர் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசியவர்கள் எல்லோரும் சபதம் செய்தார்கள். நான் தொடங்கிவிட்டு வந்திருக்கிறேன். நேற்று முழுவதும் நானும், எங்கள் குழுவைச் சேர்ந்த அம்ரீனும் அந்தச் செய்தியின் பின்னே போனோம். சிதம்பரத்தில் கேட்டோம், கடலூரில் கேட்டோம். எல்லோரும் அடுத்த வீட்டைக் கைகாட்டினார்கள். கடைசி வீட்டில் ஆள் இல்லை. இரங்கல் கூட்டத்துக்குப் பந்தல் போடப் போயிருக்கிறார் என்றார்கள்.

கண்ணாயிரம் அவர்களே, எழுந்திருங்கள்! தண்ணீர் அப்புறம் குடிக்கலாம். அம்ரீன் போனைத் தயாராக வைத்திருக்கிறார். முகாம் நாளைக் காலையும் உண்டு. இந்த மைக்கைப் பிடித்து, டாக்டர் ஷரீபா எதனால் இறந்தார் என்று உங்கள் குரலில் சொல்லுங்கள். நீங்கள் சொல்லி முடித்த பிறகுதான் மௌன அஞ்சலி.