கருங்காலிக் குழலுக்கு எண்ணெய்

மரக் குழலுக்குத் தேங்காய் எண்ணெய் ஆகாது, இன்ஸ்பெக்டர் ஐயா. மார்கழியில் உறைந்து உள்ளே திட்டாக நின்றுவிடும். நல்லெண்ணெய்தான் சரி. குடைக்கம்பியில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, இரண்டே சொட்டு விட்டு, மெல்ல உள்ளே விட்டு எடுக்க வேண்டும். பிறகு நான்கு நாள் யாரும் தொடக்கூடாது. எங்கள் வீட்டுக் கருங்காலிக் குழல் நூறு வருடமாக வெடிக்காமல் இருப்பது இப்படித்தான்.

எண்ணெயிடுவது மூத்தவனாகிய நான். வாசிப்பது என் தம்பி ஐயம்பெருமாள், அதுவும் வீட்டுப் பூசைக்கு மட்டும். கூலிக்கு ஊதியவர் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

இந்தத் தொண்ணூற்று நான்காம் வருடம் அவன் ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்தான். சாத்தான்குளத்தில் கச்சேரி என்று ரதவீதியெங்கும் சுவரொட்டி. ஜவுளிக்கடை அசன் மைதீன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"அண்ணாச்சி, ஒங்க தம்பி பேரு அல்வாக்கடைச் சுவத்துல இருக்கு. பாதிய மாடு தின்னுட்டு. மீதிய நீங்க பாக்கணும்லா."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

குழல் வீட்டை விட்டுப் போகாது என்று தம்பியிடம் சொன்னேன்.

"ஆபீஸ்ல பேனா பிடிச்சே இருவது வருசம் போச்சு, அண்ணாச்சி. ஒரு தடவ நாலு பேரு முன்னால ஊதுதேன். இது இல்லேன்னா வேற குழல் வாங்கிக்கிடுதேன்" என்றான், பணிவாகத்தான்.

ஆக, குழலைப் பூட்டி வைத்துப் பயனில்லை. தருகிறேன் என்றேன். அவன் மனைவி கோமு மகிழ்ந்துபோய் அன்று எனக்காகச் சொதி வைத்தாள்.

முறைப்படி எண்ணெயிட்டேன். கச்சேரிக்குப் புறப்படும் காலையில், ஊதும் துளையைச் சுற்றி மட்டும் சேராங்கொட்டைப் பால் தடவினேன். சலவைக்காரர்கள் துணியில் குறி போடுவார்களே, அதுதான். பட்ட இடம் வெந்து புண்ணாகும். கருங்காலியில் கறை தெரியாது. உதடு ஒரு மாதம் வீங்கிக் கிடந்தால் ஆசை அடங்கும் என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டில் குழலை வாங்குகிறவர் ஊதும் துளையை இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொள்ள வேண்டும். கொடுக்கிற மூத்தவர் அந்த நேரம் வாய் திறக்கக்கூடாது. தம்பி குனிந்து வாங்கி வலது கண்ணில் ஒற்றினான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இடது கண் மீதி இருந்தது. ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்.

மூன்று தலைமுறையாகக் காத்த முறை. நான் பேசவில்லை.

இப்போது அவனுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. கோமு உங்களிடம் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. தம்பியின் கண்ணைக் கெடுக்கவே தடவினேன் என்று அவள் சொன்னது மட்டும் பிழை, திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். நான் தடவியது என் தம்பியின் உதட்டுக்குத்தான்.