கரிக்கோடு

கலியமூர்த்தி: கைய எடு, கைய எடு! சக்கரத்துக்கிட்ட கைய வெக்காதன்னு எத்தினி தபா சொல்றது ஒனக்கு?

யுவராணி: சுவிட்சே போடலய்யா. இதுக்கே இப்பிடி கத்தற.

கலியமூர்த்தி: போடலன்னா இன்னா? பழக்கம் வரணுமில்ல. இந்த அறுக்கற மிஷின நமக்கு வித்தாரே கூனிமேட்டு பாய், அவுருக்கு எத்தினி வெரலு?

யுவராணி: ஒம்போது. நான் பாத்தேன். நீ பாத்தியா?

கலியமூர்த்தி: கை குடுத்தேனே... தெரியாதா?

யுவராணி: அந்த ஒரு வெரல இதே ரம்பத்துலதான் வுட்டாராம். புது மிஷின் வந்ததும் இத நம்ம தலையில கட்டிட்டாரு.

கலியமூர்த்தி: முப்பது வருசம் மரம் அறுத்து ஒரே ஒரு வெரலு. அது பெரிசா?

யுவராணி: அப்ப ஒனக்குக் கவலையே இல்ல. பத்து இருக்குது, முன்னூறு வருசம் அறுக்கலாம்.

கலியமூர்த்தி: நக்கல் அப்புறம் பண்ணு. பதினேழாம் நம்பர் ஸ்பேனர எடு.

யுவராணி: இந்தா.

கலியமூர்த்தி: இது பதினாலு.

யுவராணி: பாக்காமலே சொல்லிட்ட!

கலியமூர்த்தி: பாத்தியில உள்ளங்கால வெச்சே உப்பு எடுக்கலாமா வேணாமான்னு சொன்னவன்டி நானு. கைக்கு ஒரு ஸ்பேனரு தெரியாதா...

யுவராணி: அப்பேர்ப்பட்ட ஆளு உப்பளத்த விட்டு ஏன் நின்ன? ரெண்டு மாசமா கேக்கறேன்.

கலியமூர்த்தி: முதுகு வலின்னு சொன்னேனா இல்லியா?

யுவராணி: முதுகு வலிக்காரன்தான் குட்டியானை வண்டியிலேர்ந்து இந்த இரும்ப தோள் குடுத்து எறக்கினியா?

கலியமூர்த்தி: அந்த நட்ட எங்க வெச்ச? எடு.

யுவராணி: பாத்தி வரப்ப ரெண்டு தபா மிதிச்சு ஒடச்சியாமே. ஒங்கூட உப்பளத்துல வேல பாத்த மாரியம்மாள் சொன்னா. பாத்தித் தண்ணி எல்லாம் போச்சாம்.

கலியமூர்த்தி: அவளுக்கு வேற வேல இல்ல. வெயில்ல உப்பு பளபளன்னு கூசுச்சு. எவனுக்கும்தான் கூசும்.

யுவராணி: எவனும் ஒடைக்கலியே.

கலியமூர்த்தி: இப்ப இன்னா, சண்ட போடணுமா? ஒம்போது மணிக்கு சரவணகுமார் வர்றான், நெனப்பு இருக்குதா?

யுவராணி: உப்பள மேஸ்திரிதான... வரட்டும்.

கலியமூர்த்தி: வரட்டும்னா? அவன் எதிர்ல ஒரு பலகைய கோணாம அறுத்துக் காட்டணும். காட்டிட்டா, இந்த சீசனுக்கு உப்பு வார்ற பலக மொத்தமும் ஒன் பட்டறையிலதான்னு சொல்லிட்டான். இல்லன்னா...

யுவராணி: இல்லன்னா?

கலியமூர்த்தி: இது இரும்புக் கடைக்குப் போவும். நானும் பின்னாலயே போவேன்.

யுவராணி: காலங்காத்தால வாயில வர்றத பாரு.

கலியமூர்த்தி: பின்ன இன்னா? உப்புக் காத்து தின்னுட்டுப் போட்ட இரும்பு இது. எட்டு நாளு மண்ணெண்ணெய்ல ஊற வெச்சேன். உப்புத்தாள் போட்டுத் தேச்சுத் தேச்சு ரேகையே போச்சு எனக்கு. பேரிங் புதுசு. சக்கரத்து மேல சைக்கிள் டியூப்ப வெட்டி ஒட்டிட்டேன். சுத்தி வுடறேன், கேளு... சத்தம் வருதா?

யுவராணி: வர்ல.

கலியமூர்த்தி: வராது.

யுவராணி: பெயிண்டு மட்டும்தான்...

கலியமூர்த்தி: பெயிண்டுக்கு இன்னா?

யுவராணி: மிஷினுக்குக் கீழ் கதவு பச்ச. மேல் கதவு நீலம்.

கலியமூர்த்தி: அது... வேணும்னுதான் அடிச்சேன். ரெண்டு கலரு இருந்தா எடுப்பா இருக்கும்.

யுவராணி: எடுப்பாத்தான் இருக்குது. திருவிழா ராட்டினம் மாதிரி.

கலியமூர்த்தி: நீ இன்னா, விடிஞ்சதுலேர்ந்து என்ன மடக்கி மடக்கிக் கேக்கற? நான் ஒண்ணு கேக்கட்டா? நாலு செவ்வாக்கெழம கீழ்புத்துப்பட்டு கோயிலுக்குப் போன. கோயிலுக்குப் போய்ட்டு வந்தவ மேல வேப்பமரத்தூள் வாசன எப்பிடி வருது?

யுவராணி: ...அங்க மர வேல நடக்குது.

கலியமூர்த்தி: நாலு வாரமாவா?

யுவராணி: நாலு வாரமாத்தான். நீ பிளேட மாட்டு. மணி ஆவுது.

கலியமூர்த்தி: மாட்டியாச்சு. பல்லு கீழ பாக்குது, தடவிப் பாத்துட்டேன். சுண்டறேன், கேளு... தொளதொளன்னு இருக்குது. இன்னும் அரை சுத்து முறுக்கணும்... ம், இப்ப சரி.

யுவராணி: யோவ்... நிக்கற வரைக்கும் தடவிப் பாப்ப. ஓடறப்ப?

கலியமூர்த்தி: ஓடறப்ப பாக்கத்தான் கண்ணு இருக்குதே.

யுவராணி: அதான் கேட்டேன்.

கலியமூர்த்தி: பலகைய எடு. பென்சில் வேணாம். அடுப்புக்கரி எடுத்து தடியா ஒரு கோடு போடு.

யுவராணி: பென்சில் கோடுதான் பிசிறில்லாம வரும்னு பாய் சொன்னாரு.

கலியமூர்த்தி: பாய் எப்ப ஒங்கிட்ட சொன்னாரு?

யுவராணி: ...மிஷின் வாங்கப் போனப்பதான்.

கலியமூர்த்தி: பென்சில் கோடு எவனுக்குடி தெரியும்? கரியில போடுன்னா போடு.

யுவராணி: சரி, இரு...

கலியமூர்த்தி: போட்டியா?

யுவராணி: ...போட்டுட்டேன்.

கலியமூர்த்தி: கோணாம போட்டியா?

யுவராணி: நீயே பாரேன்.

கலியமூர்த்தி: ம்... நேராத்தான் இருக்குது. நீ போய் சுவிட்சுக்கிட்ட நில்லு. நான் சொன்னாத்தான் போடணும்.

யுவராணி: போடட்டுமா?

கலியமூர்த்தி: இரு... கைய தொடச்சுக்கறேன்... ம், போடு.

யுவராணி: ஐயோ, இன்னாய்யா இப்பிடி அதிருது!

கலியமூர்த்தி: அதிரும்... ஓட ஓட அடங்கும்... பிளேடு எங்க ஓடுது? சக்கரத்து நடுவுலதான?

யுவராணி: நடுவுலதான்.

கலியமூர்த்தி: ஓடுதுடி! சத்தத்த கேட்டியா... தையல் மிஷினு மாதிரி! பாய் கூட இப்பிடி ஓட்டியிருக்க மாட்டாரு!

யுவராணி: ஓடுது... கண்ணுல இன்னா தண்ணி ஒனக்கு?

கலியமூர்த்தி: தூசி.

யுவராணி: இன்னும் ஒண்ணும் அறுக்கவேயில்ல. ஏது தூசி?

கலியமூர்த்தி: நீ சும்மா இரு. பலகைய தள்ளப் போறேன்.

யுவராணி: கோடு தெரியுதா?

கலியமூர்த்தி: தெரியாம? கன்னங்கரேல்னு போட்டு வெச்சிருக்க.

யுவராணி: ...அது மேலயேதான் போறியா?

கலியமூர்த்தி: அது மேலயேதான். பேச்சு குடுக்காத.

யுவராணி: கட்டவெரல பின்னால இழு.

கலியமூர்த்தி: பின்னாலதான் இருக்குது.

யுவராணி: இல்லய்யா. இழு... இன்னும் இழு...

கலியமூர்த்தி: ஏய்! ஏன் நிறுத்தின?

யுவராணி: பலகைய அப்பிடியே வுட்டுட்டு பின்னால வா. சக்கரம் இன்னும் நிக்கல.

கலியமூர்த்தி: பலக இன்னும் பிளேடுல படவே இல்லியே! கரண்டு போச்சா?

யுவராணி: கரண்டு இருக்குது. என் கைதான்.

கலியமூர்த்தி: ஒனக்கு இன்னா பைத்தியமா? அங்க கேளு, பைக் சத்தம்... வந்துட்டான். போடு சுவிட்ச!

யுவராணி: போடறேன். நீ தள்ளி நில்லு.

கலியமூர்த்தி: நான் ஏன் தள்ளி நிக்கணும்? கோட்டு மேலதான போய்ட்டிருந்தேன்... கோணலா போச்சா? சொல்லேன்டி...

யுவராணி: கோடே போடலய்யா நான்... அது வெறும் பலக. கோயிலுக்கும் போகல, நாலு வாரமும் பாய் பட்டறையிலதான் அறுக்கக் கத்துக்கிட்டு இருந்தேன்... இப்பிடி வா, வந்து என் பக்கத்துல நில்லு. சத்தம் மாறினா மட்டும் சொல்லு, கோட்ட நான் பாத்துக்கறேன்.