இருபத்து நாலுக்கு எத்தனை ஜோடி

— மூணெட்டு இருபத்து நாலு, மூணெட்டு இருபத்து நாலுன்னு காலையிலேருந்து இதே பாட்டு. கோழிகூட மிரண்டு ஓடுது.

— சும்மா இரு பிலோமினா. நாளைக்குப் பரீட்சை. கணக்குல கடைசி எண் இருபத்து நாலுன்னா மூணு, எட்டு. பன்னெண்டுன்னா மூணு, நாலு. அம்புட்டையும் நெட்டுருப் போட்டுட்டேன்.

— போன ரெண்டு தடவையும் அப்படித்தான போட்டீக?

— அதைக் கிளறாத. இந்தத் தரமும் மெட்ரிக் பெயிலானா, என்னைய ஒண்ணாங் கிளாசை விட்டு மேல ஏத்த முடியாதுன்னு பள்ளிக்கூடத்துச் சாமியார் சொல்லிட்டாரு. இந்த ஆரோக்கியநாதன் வாத்தியாருக்கு ஆயுசுக்கும் அனா ஆவன்னாதான்.

— சரி. எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் பத்து எக்ஸ் பிளஸ் இருபத்து நாலு. பாக்டர் பிரிங்க.

— இருபத்து நாலா? எக்ஸ் பிளஸ் மூணு, எக்ஸ் பிளஸ் எட்டு.

— மூணும் எட்டும் சேந்தா பத்தா வருது?

— பதினொண்ணு.

— அப்ப நடுவுல நிக்கிற பத்தை யாரு கவனிக்கிறது? பெருக்குனா இருபத்து நாலு வரணும், கூட்டுனா பத்து வரணும். ரெண்டுக்கும் ஒத்து வர்ற ஜோடியைத் தேடுங்க.

— ரெண்டும் பன்னெண்டும்... பதினாலு, ஆகாது. நாலும் ஆறும்... பத்து. அட, நாலும் ஆறும். ஏய், இதை யாரு உனக்குச் சொன்னது?

— உங்க புஸ்தகந்தான். நீங்க பள்ளிக்கூடம் போனதும் பிரிச்சுப் பாத்தேன். இப்ப கெணத்தடியில இதான் விளையாட்டு. பெருக்குனா இம்புட்டு, கூட்டுனா இம்புட்டுன்னு ஒருத்தி கேப்பா. சொல்லத் தெரியாதவ எல்லாருக்கும் தண்ணி எறைக்கணும். முத்துத்தாய்க்கு நாலு நாளா தோள்பட்டை வலி.

— மைனஸ் வந்தா என்ன செய்வ? கடைசியில மைனஸ் இருபத்து நாலு, நடுவுல பிளஸ் அஞ்சு. போன வருசம் அதுலதான் கவுந்தேன்.

— காலித் தொட்டியில எட்டுக் குடம் ஊத்துறேன். முத்துத்தாய் மூணு குடம் மொண்டுக்கிட்டுப் போறா. மிச்சம்?

— அஞ்சு. ஊத்துனது பிளஸ் எட்டு, மொண்டது மைனஸ் மூணு. பெருக்குனா மைனஸ் இருபத்து நாலு. மாதாவே, இம்புட்டுத்தானா? இன்னொண்ணு குடு.

— கடைசியில பிளஸ் பதினெட்டு, நடுவுல மைனஸ் ஒம்போது.

— இரு, இரு. சொல்லிராத. ரெண்டு பேருமே மொண்டுக்கிட்டுப் போறவளுக. மைனஸ் மூணு, மைனஸ் ஆறு. சரியா?

— சரிதான். எதுக்கு இப்பக் குதிக்கிறீக? அடுத்த வீட்டுல எட்டிப் பாக்குறாக.

— பாக்கட்டும். நாளைக்கு நீயும் எங்கூட வா. பரீட்சை எழுதுற எடத்துல வாசல்ல நில்லு. உன் மூஞ்சியைப் பாத்துட்டு உள்ள போனா ஒண்ணும் மறக்காது.

— வாசல்ல நிக்க எனக்கு நேரமிருக்காதுங்க. எங்க அண்ணே எனக்கும் பரீட்சைக்கு மனுப் போட்டிருந்தாரு. ஹால் டிக்கெட்டு டிரங்குப் பெட்டியில இருக்கு.

— நீயுமா? மெட்ரிக்கா?

— ஆமா. ஆனா என்னயப் பாத்து எழுதிறலாம்னு மட்டும் நெனைக்காதீக. பொம்பளைகளுக்கு வேற ரூமாம்.