நாப்பத்திரண்டாம் நம்பர் பெட்டி

— பிரிக்காத. அந்த ஆஸ்பத்திரிக் கவரைக் கீழ வை. பிரிக்கறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும்.

— பேச வாய் வந்துடுச்சா உங்களுக்கு?

— கிண்டல் பண்ணாத. மூணு மாசம் கழிச்சு ஒரு மனுஷன் வாயைத் திறக்கறான், எடுத்த எடுப்புலயே மூட வைக்காத.

— நான் எங்க மூடினேன். நீங்களா மூடினீங்க, நீங்களா திறக்கறீங்க. சொல்லுங்க. இந்தப் பேண்ட்டுக்காரர் அஞ்சு மணிக்கு வந்து நிப்பார், தைச்சுக்கிட்டே கேக்கறேன்.

— மெஷினை நிறுத்து. அந்தக் கடகடா சத்தத்துல சொல்ற விஷயம் இல்ல இது.

— நிறுத்திட்டேன்.

— கேட்டுக்கோ. பிரஷர் இறங்குதான்னு பார்க்கற இந்தச் சாக்லேட் ஆராய்ச்சியில நம்ம ரெண்டு பேரையும் சேர்த்துவிட்டது யாரு?

— நீங்கதான்.

— யாருக்காக? எனக்காக. கிரேன் ஏறணும்னா பிரஷர் நூத்தி நாப்பதுக்குக் கீழ இருக்கணும். எனக்கு நூத்தி அறுபத்தெட்டு. மாத்திரைக்கு முன்னாடி மூணு மாசம் பார்க்கலாம்னு கம்பெனி டாக்டர் தவணை கொடுத்தார். இதோ, வியாழக்கிழமை வந்தா முடிஞ்சுது. இறங்கலைன்னா என்னை வாசல்ல உக்கார வச்சு, லாரிக்காரன் நீட்டற சீட்டை வாங்கி அடுக்கச் சொல்லுவாங்க. என் கிரேன் அந்த ரெண்டாம் ஷிப்ட் மீசைக்காரனுக்குப் போயிடும். இருபத்திரண்டு வருஷம் நான் உக்காந்த சீட்டு. அதுல அவன் உக்காந்து காலை நீட்டுவான். நினைச்சாலே நெஞ்சு எரியுது.

— தெரியும்ங்க.

— நீ துணைக்கு வந்தவ. ஒரே அடுப்புல சமைச்சுச் சாப்பிடற ஜோடியாத்தான் எடுப்போம்னாங்க, அதனால வந்த. வந்த இடத்துல உனக்கும் பிரஷர்னு கண்டுபிடிச்சாங்க.

— நூத்தி ஐம்பத்திரண்டு. நான் ஆசைப்பட்டு வாங்கிக்கிட்டதா அது?

— அதைச் சொல்லல. அந்த முதல் நாளைச் சொல்றேன். நர்ஸம்மா பெட்டி எடுத்துக் கொடுத்தாங்களே, கவனிச்சியா? எனக்கு நாப்பத்தொண்ணு. கீழ் தட்டுலேர்ந்து உருவிக் கொடுத்தாங்க. உனக்கு நாப்பத்திரண்டு. மேல் தட்டுலேர்ந்து, குதிகாலைத் தூக்கி, எட்டி எடுத்தாங்க. அதுவும் சிரிச்சுக்கிட்டே.

— நாப்பத்தொண்ணை எடுத்ததும் கீழ் தட்டு காலியாயிடுச்சு. என் கண்ணால பார்த்தேன்.

— நீ எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருப்ப. ஜோடியில ஒருத்தருக்கு நிஜம், ஒருத்தருக்கு டூப்புன்னு அவங்களே சொன்னாங்க இல்ல? நிஜத்துல கொக்கோக் கொட்டையை வறுக்காம, பச்சையா அரைச்சுச் சேர்க்கறாங்களாம். வறுக்க வறுக்க அதுல இருக்கற சத்து ஓடிப் போயிடுமாம். டூப்புல சத்தை எடுத்துட்டு, நிறத்தையும் கசப்பையும் மட்டும் விட்டுடுவாங்களாம். அப்படி இருக்கும்போது ஒருத்தர் எட்டி எடுத்துக் கொடுத்தா அது எது?

— எது எதுன்னு கொடுக்கற எங்களுக்கே தெரியாதுன்னும் சொன்னாங்க. அதை மட்டும் நீங்க காதுல போட்டுக்கல.

— வீட்டுக்கு வந்ததும் உன்கிட்ட கேட்டேன். பெட்டியை மாத்திக்கலாமான்னு எவ்வளவு தன்மையாக் கேட்டேன்.

— தன்மையாவா கேட்டீங்க. சரி, விடுங்க. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கோம், மாத்தக் கூடாதுன்னேன்.

— அப்ப நிறுத்தினேன் பேச்சை. தலகாணியைத் தூக்கிக்கிட்டு ஹால் சோபாவுக்கு வந்துட்டேன். அதுக்கப்புறம் உன்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருப்பேனா?

— உப்பு எங்கன்னு கேட்டீங்க. சாவி எங்கன்னு கேட்டீங்க.

— அது பேச்சுல சேராது.

— அதுவும் சரி.

— வயித்தெரிச்சல். மறைக்க என்ன இருக்கு, கட்டின பொண்டாட்டி மேல வயித்தெரிச்சல். எனக்குத்தான் தேவை, உனக்குத்தான் கிடைச்சிருக்குன்னு ஒரே எரிச்சல். ரெண்டாவது வாரம் போனோம். உனக்கு நூத்தி நாப்பத்தஞ்சு, எனக்கு நூத்தி எழுபது. நர்ஸம்மா உன் தோளைத் தட்டறாங்க. நான் பக்கத்துல மரம் மாதிரி உக்காந்திருக்கேன். நாலாவது வாரம் உனக்கு நூத்தி முப்பத்தாறு. அன்னிக்குப் பஸ்ல உன் பக்கத்துல உக்காரப் பிடிக்காம நின்னுக்கிட்டே வந்தேன், தெரியுமா உனக்கு?

— இடம் காலியாத்தான் இருந்தது. பையை வச்சுக்கிட்டேன்.

— பாரு, கவலையே படல. இன்னும் கேளு. நர்ஸம்மா சொன்ன நல்லது எல்லாம் ஒண்ணு விடாம எனக்கு மனப்பாடம். கொக்கோ ரத்தக் குழாயைத் தளர்த்தும்னாங்க. நீ பாட்டுக்கு மூணு மாடி மூச்சு வாங்காம ஏறற. மனசு லேசாகும்னாங்க. நீ பட்டன் தைச்சுக்கிட்டே பாட்டு முணுமுணுக்கற. இருபத்தாறு வருஷத்துல நீ பாடி நான் கேட்டதே இல்ல.

— வாயில தானா வந்தது.

— எதிர்வீட்டு டீச்சரம்மா படிக்கட்டுல நிறுத்தி, மூஞ்சி தெளிஞ்சிருக்கே, என்ன பூசறேன்னு கேட்டாங்க. நான் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டேன். அப்புறம் அந்தத் தூக்கம். நான் சோபாவுல இந்தப் பக்கம் அந்தப் பக்கம் புரண்டுக்கிட்டு இருக்கேன். உள்ள நீ குறட்டை விடற.

— நான் குறட்டை விடறதில்ல.

— விட்ட. நல்லா வண்டி ஓடற மாதிரி விட்ட. படுத்தா விடியற வரைக்கும் விட்டத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தவதானே நீ? எல்லாம் அந்த நாப்பத்திரண்டாம் நம்பர் பண்ற வேலைன்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. அதனால... இப்பச் சொல்றதுக்குக் கோவிச்சுக்கக் கூடாது.

— சொல்லுங்க.

— ஆறாவது வாரம் மூடியை மாத்திட்டேன்.

— எந்த மூடியை?

— பெட்டி மூடியை. நம்பர் மூடியில மட்டும்தானே ஒட்டியிருந்தது. நீ துணி கொடுக்கப் போயிருந்த நேரம். என் மூடியை உன் பெட்டி மேல வச்சேன், உன் மூடியை என் பெட்டி மேல வச்சேன். அன்னியிலேர்ந்து நீ தின்னது என்னோடது, நான் தின்னது உன்னோடது. ரெண்டையும் கடிச்சுக்கூடப் பார்த்தேன். உன்னோடதுதான் கசப்பு அதிகம். சர்க்கரை குறையக் குறையத்தான் நல்லதுன்னு சொன்னாங்க இல்ல, கிடைச்சுடுச்சுன்னு நினைச்சேன்.

— அடப்பாவமே. அந்த நர்ஸம்மா ஒவ்வொரு தடவையும் எவ்வளவு கவனமா எழுதிக்கிட்டாங்க. மொத்தத்தையும் கெடுத்து வச்சிருக்கீங்க. நாளைக்கே போன் பண்ணிச் சொல்லிடணும்.

— சொல்றேன். நானே சொல்றேன். நீ என்னைத் திட்டு, பரவாயில்ல.

— திட்டி என்ன ஆகப்போகுது. அப்புறம்?

— அப்புறம்தான் கொடுமை. மாத்தின பிறகும் உனக்கே இறங்குது. எட்டாவது வாரம் நூத்தி முப்பது. கடைசி வாரம் நூத்தி இருபத்தி நாலு. எனக்கு நூத்தி எழுபத்தி நாலு. முன்னாடி தின்னதெல்லாம் உடம்புல சேர்த்து வச்சிருக்கா போலன்னு உன் மேல இன்னும் எரிச்சல். நீ எதையாவது கண்டுபிடிச்சு மூடியைத் திருப்பி மாத்திட்டியோன்னு சந்தேகம் வேற. மாத்தினியா?

— நான் எதுக்கு மாத்தறேன். காலையில ரெண்டு துண்டு, தண்ணி, வேலை. அதோட மறந்துடுவேன்.

— மறந்துடுவா. எனக்கு அதே நினைப்பு, இவ மறந்துடுவா. சரி, இப்பப் பிரி. உன் கவரை முதல்ல பிரி. நிஜம்னுதான் போட்டிருக்கும், என்னன்னு தெரிஞ்சுக்கிட்டே வயிறெரிஞ்சுக்கறேன்.

— பெரிசா ஒண்ணும் இல்ல, ஒரே தாள். பங்கேற்றதுக்கு நன்றி... அது இதுன்னு... இங்க இருக்கு. பெட்டி எண் நாப்பத்திரண்டு. சத்து நீக்கப்பட்டது.

— என்னது?

— சத்து நீக்கப்பட்டது. டூப்பு.

— மறுபடியும் படி.

— எத்தனை தடவை படிச்சாலும் அதேதான். உங்களோடதைப் பிரிங்க.

— அதையும் நீயே பிரி.

— பெட்டி எண் நாப்பத்தொண்ணு. வறுக்காத கொக்கோ சேர்த்தது, முழுச் சத்துள்ளது. உங்களோடதுதாங்க நிஜம்.

— அப்ப... முதல் அஞ்சு வாரம் நான் தின்னது நிஜம்.

— ஆமாம்.

— நிஜத்தைத் தின்னு எனக்கு ஏறியிருக்கு.

— கொஞ்சம் கைகொடுக்கும், அதுவே வைத்தியம் ஆகாது, எல்லாருக்கும் ஒரே மாதிரியும் இருக்காதுன்னு அவங்க முதல் நாளே சொல்லிட்டாங்க. தூங்காம, சோபாவுல புரண்டுக்கிட்டு, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தா எந்தச் சாக்லேட்தான் என்ன பண்ணும்?

— அந்த நிஜத்தையும் நானே மூடி மாத்தி உன்கிட்ட கொடுத்திருக்கேன். திருட்டுத்தனமாக் கொடுத்திருக்கேன். ஊர் உலகத்துல எவனாவது இப்படித் தன் வாயில இருக்கறதைத் திருடி அடுத்தவங்க தட்டுல வைப்பானா? அந்த மீசைக்காரனுக்குத் தெரிஞ்சா ஷிப்ட் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான்.

— அவருக்கு எப்படித் தெரியும். தண்ணி குடிங்க.

— உன்னைப் பார்த்தா எனக்குக் கூச்சமா இருக்கு. வெறும் டூப்புத் துண்டைத் தின்னுட்டு நீ பேசாம உன் வேலையைப் பார்த்திருக்க. நான் கூடவே இருந்து உன் மேல எரிஞ்சிருக்கேன். என்ன மனுஷன் நான்.

— அதெல்லாம் வேணாம். முடிஞ்சது முடிஞ்சுது.

— முடியல. மூணு மாசம் உன்னைத் தனியா விட்டுட்டேன். அதுதான் எனக்குப் பெரிசாத் தெரியுது. நீ எப்படித் தவிச்சிருப்ப. காலையில ஆறு மணிக்கு நான் அந்தக் கூண்டுல ஏறினா ரெண்டு மணி வரைக்கும் ஒத்த ஆள். கீழ இருக்கறவன் எறும்பு மாதிரித் தெரிவான், என்கூட எவன் பேசுவான்? எட்டு மணி நேரம் அடக்கி வச்சதையெல்லாம் வீட்டுக்கு வந்து உன்கிட்ட கொட்டினாத்தான் எனக்குத் தீரும். மீசைக்காரன் என்ன சொன்னான், எங்க அண்ணன் வீட்டுக்கு எத்தனாவது மாடி எழும்பியிருக்கு, பக்கத்து வீட்டுக்காரன் எப்படி நம்மளை முந்தினான், நீ ஏன் குழம்புல உப்பு குறைச்ச, போன்ல யார்கிட்ட அவ்வளவு நேரம் சிரிச்ச, எல்லாம் பேசியாகணும். நீ தைச்சுக்கிட்டே கேப்ப. படுத்த பிறகும் கேப்ப. அதை ஒரேயடியா நிறுத்தி உன்னைத் தண்டிச்சிருக்கேன்.

— அப்படி நினைச்சீங்களா?

— வேற எப்படி நினைக்கறது? இன்னியிலேர்ந்து பழையபடி. மூணு மாசத்துக்கும் சேர்த்துப் பேசித் தீர்த்துடறேன். சோபாவிலேர்ந்து தலகாணியை எடுத்துடறேன். ஏன் குனிஞ்சுக்கிட்ட? கண்ணு கலங்குதா?

— நூலை ஊசியில கோக்கறேன்.

— சரி. ஆனா ஒண்ணு எனக்குப் புரியல. நான் மூடியை மாத்தறதுக்கு முன்னாடியே உனக்கு நூத்தி முப்பத்தாறு வந்துடுச்சு. வெறும் டூப்பைத் தின்னு. சாப்பாடு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், வீடு ஒண்ணுதான். அப்ப எதனால இறங்குச்சு?

— எனக்கென்ன தெரியும். நான் என்ன டாக்டரா.

— இல்ல, உனக்குத் தெரியும். உன் மூஞ்சியைப் பார்த்தாத் தெரியுது. எனக்கு இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. அது எதுவா இருந்தாலும் சொல்லிடு, நானும் அதையே பண்றேன். நடக்கறியா? ஏதாவது கஷாயமா? மூச்சுப் பயிற்சியா? என் கிரேன் போகுதும்மா.

— உங்களுக்கு அது சரிப்படாதுங்க.

— ஏன் சரிப்படாது? உனக்குச் சரிப்பட்டது எனக்கு ஏன் சரிப்படாது? இப்பக்கூட எனக்குக் கொடுக்க மனசு வரல பாரு.

— அப்படி இல்லங்க. கடைசி நாள் அந்த நர்ஸம்மாவும் இதையேதான் கேட்டாங்க. ஒரு தாளைக் கொடுத்து, இந்த மூணு மாசத்துல உங்க வீட்டுல எது மாறியிருக்கு, யோசிச்சு எழுதுங்கன்னாங்க.

— எழுதினியா?

— எழுதினேன்.

— என்னன்னு எழுதின?

— என் வீட்டுக்காரர் என்கிட்ட பேசறதை நிறுத்திட்டார்னு.